வாழை நிழலில் கோகோ

பயிரும் பணமும் – 7

1891ஆம் ஆண்டின் ஏற்றுமதிக் கணக்கில் கோல்டு கோஸ்ட் காலனி அதிகாரிகள் ஒரு புதுச் சரக்கைச் சேர்த்தார்கள். கோகோ, 80 பவுண்டு எடை. அதாவது 36 கிலோ. ஒரே ஆள் தலையில் வைத்து நடந்துவிடக்கூடிய சுமை. இருபது ஆண்டு கழித்து, 1911இல், அதே காலனியிலிருந்து சுமார் 40,000 டன் கோகோ கப்பலேறியது. உலகில் வேறெந்த நாடும் அந்த ஆண்டு அவ்வளவு அனுப்பவில்லை. இன்று நாம் கானா என்று சொல்லும் நாடுதான் அன்றைய கோல்டு கோஸ்ட்.

சென்ற பகுதியில் ஜாவாவைப் பார்த்தோம். 1830இல் டச்சு ஆளுநர் வான் டென் போஸ், கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசு கேட்கும் ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்கச் சொன்ன கதை அது. பணப்பயிர் என்றால் மேலிருந்து ஒருவன் திணிப்பது, சோற்றுப் பயிரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நடுவது என்ற சித்திரம் அப்படிப்பட்ட கதைகளிலிருந்துதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. கோல்டு கோஸ்ட் அந்தச் சித்திரத்துக்குள் அடங்காது. கோகோ நடு என்று இங்கே எந்த அதிகாரியும் சாட்டை எடுக்கவில்லை. குடியானவர்கள் சொந்தக் காசில் காடு வாங்கி நட்டார்கள். அதனாலேயே எல்லாம் சுகமாக முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

கோகோ தென் அமெரிக்க மரம். போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் அதைக் கினி வளைகுடாத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்றான பெர்னாண்டோ போவுக்குப் பிழைக்கப் போய், 1879இல் ஊர் திரும்பினார் டெட்டே குவாஷி என்ற கொல்லர். கையோடு எடுத்துவந்த கோகோ விதைகளை அக்வாபிம் மலைத்தொடரில் மாம்பொங் என்ற ஊரில் நட்டார். கானாவின் பள்ளிப் புத்தகங்கள் அவரிடமிருந்துதான் கதையைத் தொடங்கும். பாசல் மிஷன் பாதிரிமார்கள் அவருக்கு முன்பே நட்டுப் பார்த்திருந்தார்கள். அவருக்குப் பின் 1890இல் அரசு அபுரியில் தாவரத் தோட்டம் அமைத்து நாற்று கொடுத்தது. முதலில் நட்டவர் யார் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். விதைக்கும் நாற்றுக்கும் அங்கே உடனே ஆள் கிடைத்ததே, அதைத்தான் விளக்கியாக வேண்டும்.

அக்வாபிம் மக்கள் தம் வயிற்றுக்கு மட்டும் விளைவித்துக்கொண்டு மலையில் முடங்கிக் கிடந்தவர்கள் அல்ல. ஐரோப்பாவின் சோப்பு, மெழுகுவத்தி ஆலைகளுக்குப் பல பத்தாண்டுகளாகச் செம்பனை எண்ணெய் விற்று வந்தவர்கள். கிழங்கும் வாழையும் வீட்டுக்கு, எண்ணெய் சந்தைக்கு என்று ஒரே குடும்பம் இரண்டையும் சேர்த்தே செய்தது. 1880களில் எண்ணெய் விலை சரிந்தது. காட்டு ரப்பர் கொஞ்ச காலம் கைகொடுத்தது. கையில் சிறிது காசு, சந்தை அனுபவம், சரிந்துபோன ஒரு பழைய சரக்கு என்ற இந்த நிலையில்தான் கோகோ வந்து சேர்ந்தது. தன்னிறைவுக் கிராமம் என்று ஒன்று இருந்ததாகவும், பணப்பயிர் வந்து அதைக் கெடுத்ததாகவும் ஆப்பிரிக்காவைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், நம்மூரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிராமத்தைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சாதகமாக இருந்தது: நிலம் கைவிட்டுப் போகவில்லை. இலங்கையில் 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டு நிலத்தையெல்லாம் அரசுடைமை என்றது. மலைக்காடு காபித் துரைகளின் கைக்குப் போயிற்று. அங்கே வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் நடந்து போனார்கள். கோல்டு கோஸ்டிலும் அப்படியொரு நிலச் சட்ட மசோதா 1897இல் வந்தது. கடற்கரைப் பட்டினமான கேப் கோஸ்டின் வக்கீல்களும் வணிகர்களும் தலைவர்களும் பூர்வகுடிகள் உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, 1898இல் லண்டனுக்கே தூது போய்க் காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லேனைப் பார்த்தார்கள். மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஏற்றுமதிப் பயிரை, அதே பேரரசின் கீழ், ஒரு நாட்டில் குடியானவன் சொந்த நிலத்தில் வளர்ப்பதற்கும் இன்னொரு நாட்டில் லயத்தில் குடியிருந்துகொண்டு கூலிக்கு வளர்ப்பதற்கும் இடையில் சில சமயம் ஒரு சட்டத்தாள்தான் இருக்கிறது.

அக்வாபிம் மலையில் இடம் குறைவு. மேற்கே டென்சு ஆற்றுக்கு அப்பால் அச்செம் அபுவாக்வா நாட்டில் ஆளில்லாத பெருங்காடு கிடந்தது. 1890களிலிருந்து அக்வாபிம்காரர்களும், அவர்களுக்குக் கிழக்கே இருந்த குரோபோ மக்களும் அந்தக் காட்டை விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். அன்பளிப்பாகவோ குத்தகையாகவோ இல்லை, ரொக்கத்துக்கு.

குரோபோக்களின் முறை படிக்கப் படிக்கச் சுவையானது. தெரிந்தவர்களும் உறவினரும் பத்திருபது பேர் கூட்டு சேர்வார்கள். அவர்களில் ஒருவர் தலைவராகி அச்செம் தலைவரிடம் ஒரு பெரிய காட்டுத் துண்டுக்கு விலை பேசி முடிப்பார். பணத்தைப் பல தவணைகளில் கட்டுவதுண்டு. பிறகு ஓர் ஓடையையோ பாதையையோ அடிக்கோடாக வைத்துக்கொண்டு, கயிறு போட்டுப் பாகக் கணக்கில், அவரவர் போட்ட பணத்துக்குத் தக்க அகலத்தில் நீள நீளமான பட்டைகளாகப் பிரித்துக்கொள்வார்கள். அவரவர் பட்டையின் முகப்பில் அவரவர் வீடு. இதற்கு ஹூசா என்று பெயர். பணக்காரனுக்கு அகலப் பட்டை, ஏழைக்கு ஒல்லிப் பட்டை. ஆனால் கூட்டுச் சேராமல் தனியாகப் போயிருந்தால் அந்த ஏழைக்கு ஒரு துண்டும் கிடைத்திருக்காது.

இந்த வரலாற்றை வெளிக்கொண்டு வந்தவர் பாலி ஹில் என்ற ஆங்கிலேயப் பெண். பொருளியல் மேதை கெய்ன்ஸின் சகோதரி மகள். 1963இல் வெளிவந்த அவருடைய நூல் வரும்வரை, ஆப்பிரிக்கக் கோகோ என்றால் வீட்டுக் கொல்லையில் நாலு மரம் வைத்திருக்கும் சிறு குடியானவன் என்றுதான் பொருளியலாளர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹில் ஊர் ஊராகப் போய் நில வரைபடங்களைப் பார்த்து, பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டுக் கண்டது வேறு: ஒரு காட்டில் வந்த வருமானத்தைக் கொண்டு அடுத்த காட்டை வாங்கி, அதில் வந்ததைக் கொண்டு அதற்கடுத்ததை வாங்கிய முதலாளிகள். டென்சு ஆற்றின்மேல் பாலம் வேண்டுமென்று அரசுக்கு மனுப் போட்டுக் காத்திருக்காமல் தாங்களே பணம் போட்டுக் கட்டி, கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கியவர்கள். பின்னாளில் ஹில் கர்நாடகத்தில் ஆனேக்கல் வட்டாரக் கிராமங்களுக்கும் வந்து மானாவாரிக் குடும்பங்களை ஆராய்ந்தார்.

இனி வயலுக்குள் போவோம். உணவுப் பயிருக்கும் பணப்பயிருக்கும் உள்ள உறவு அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

காட்டை வெட்டி எரித்த இடத்தில் கோகோவை நேரடியாக நட முடியாது. இளங்கன்று வெயில் தாங்காது. ஆகவே முதலில் சமையல் வாழையும், அகல இலை விரியும் சேப்பங்கிழங்கு இனம் ஒன்றும் வைப்பார்கள். அவற்றுக்கு இடையிடையே கோகோ விதை. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் அந்த நிலம் பார்வைக்கு ஓர் உணவுத் தோட்டம்தான். குடும்பம் அதைத் தின்கிறது. மிஞ்சியதைப் பெண்கள் சந்தைக்குச் சுமக்கிறார்கள். வாழை நிழலில் கோகோ மேலேறுகிறது. ஐந்தாம், ஆறாம் ஆண்டில் காய் பிடிக்கத் தொடங்கும். பிறகு கோகோவின் தழை ஒன்றோடொன்று கூடித் தரையில் வெளிச்சம் விழாமல் அடைத்துவிடும். கீழே வாழையும் வராது, கிழங்கும் வராது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுக்கு அது கோகோத் தோப்பு.

இதனால் உணவுச் செலவு என்று தனியாக ஒன்று இல்லாமலே தோப்பு உருவாகிவிடுகிறது. கோகோ இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம். முதல் போட வேண்டிய ஆண்டுகளில் வாழையும் கிழங்கும் சோறு போட்டன. ஆனால் நிழல் மூடியதும் குடும்பத்துக்குப் புது உணவு நிலம் வேண்டும். புதுக் காட்டை வெட்டி வாழை வைத்தால், அதன் நிழலில் மறுபடியும் கோகோ வைக்காமல் எவனுக்கு மனம் வரும்? இப்படி உணவுத் தோட்டம் ஒவ்வொன்றும் கோகோவாக மாற, சோறு விளையும் நிலம் வீட்டைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயிற்று. காடு இருக்கும்வரை இந்தக் கணக்கு இடிக்கவில்லை. காடு தீர்ந்த பழைய வட்டாரங்களில், கோகோ விற்ற காசைக் கொண்டு வெளியூர்க் கிழங்கும் கடற்கரையிலிருந்து வந்த புகையூட்டிய மீனும் கப்பலில் வந்த அரிசியும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நடுவது எளிது. காட்டை வெட்டுவதும், அறுப்பதும், காயை உடைத்து விதையை வாழையிலை மூடிப் புளிக்கவைத்து உலர்த்துவதும், அதைத் தூக்கிச் செல்வதும் கடினம். லாரி வரும்முன் கோகோ தலைச்சுமையாகத்தான் போனது. சில பாதைகளில் பீப்பாயில் அடைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். விலையைக்கூட 60 பவுண்டு தலைச்சுமைக்கு இவ்வளவு என்றே பேசும் வழக்கம் லாரியும் ரயிலும் வந்த பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

இந்த வேலையைச் செய்தது யார்? இங்கேதான் சாட்டை இல்லாத கதையில் நிழல் விழுகிறது. வடக்கே அசாந்தி நாட்டில் ஆரம்பகாலக் கோகோத் தோப்புகளைப் போட்டதில் மனைவி மக்களின் உழைப்போடு அடிமைகளின் உழைப்பும், கடனுக்கு ஈடாக அடகு வைக்கப்பட்ட மனிதர்களின் உழைப்பும் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர் கேரத் ஆஸ்டின் காட்டியிருக்கிறார். பிரிட்டிஷார் அசாந்தியில் அடிமைமுறையையும் ஆள் அடகையும் 1908இல் தடைசெய்தார்கள். வழக்கம் உடனே ஒழியவில்லை. பெண்பிள்ளைகளை அடகு வைப்பது மறைமுகமாகத் தொடர்ந்தது. ஆனால் கோகோ மரம் காய்க்கத் தொடங்கியபின் கடன் கொடுப்பவனுக்கு வேறொரு நல்ல ஈடு கிடைத்துவிட்டது. மனிதனுக்குப் பதில் தோப்பை ஒத்திக்கு எடுத்துக்கொண்டான். கடன் அடையும்வரை காய்ப்பு அவனுக்கு. மனிதன் மீண்டான், தோப்பு போனது.

அடிமைகள் விட்டுப்போன இடத்துக்கு வடக்கிலிருந்து கூலிகள் வந்தார்கள். சவானாப் புல்வெளி நாட்டுக்காரர்கள், பக்கத்துப் பிரெஞ்சுக் காலனியின் வரிக்கும் கட்டாய வேலைக்கும் தப்பி வந்த மோசி மக்கள். முதலில் ஆண்டுக் கூலி, சுமைக்கூலி. பிறகு மெல்ல மெல்ல வாரம். அபுசா என்று பெயர். மூன்றில் ஒரு பங்கு. தோப்பைப் பார்த்துக்கொண்டு காய் அறுத்துக் கொடுப்பவனுக்கு விளைச்சலின் ஒரு பாகம். வந்தவன் என்றும் வந்தவன்தான், நிலம் அவனுக்கில்லை. என்றாலும் கூலியைவிட வாரம் மேல் என்று பேரம் பேசி வாங்கியது அந்தக் கூலிகளின் சாமர்த்தியம்.

மனைவிமார் கதை வேறு. அசாந்தி, அச்செம் மக்களை உள்ளடக்கிய அக்கான் இனத்தாரிடம் தாய்வழிச் சொத்துரிமை. ஒருவன் இறந்தால் அவன் சொத்து அவனுடைய தாய்வழிக் குலமான அபுசுவாவுக்குப் போகும். தம்பிக்கு, அல்லது சகோதரி மகனுக்கு. மனைவியும் பிள்ளைகளும் வேறு குலம். நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியைக் கவிமணி நையாண்டி செய்து பாடியதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காடும் கிழங்கும் மட்டும் இருந்த காலத்தில் இது பெரிய சண்டையாகவில்லை. நிலம் நிறைய இருந்தது, இரண்டு மூன்று ஆண்டில் தோட்டம் மறுபடி காடாகிவிடும். முப்பது நாற்பது ஆண்டு காய்க்கும் மரம் வந்ததும் நிலைமை மாறியது. மனைவி வாழை நட்டு, களை பறித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காய் சுமந்து உருவாக்கிய தோப்பு, கணவன் கண் மூடியதும் அதில் ஒரு நாளும் கைவைக்காத மருமகனுக்குப் போனது.

ஆண்கள் சும்மா இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே ஒரு தோப்பை மனைவிக்கோ மகனுக்கோ தானமாக எழுதிவைக்கப் பார்த்தார்கள். அது செல்ல வேண்டுமானால் சாட்சிகள் வேண்டும், குலத்தார் சம்மதம் வேண்டும், தானம் வாங்கியவர் நன்றிக்கு அடையாளமாகச் சாராயமோ பணமோ தர வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் வழக்கு. பெண்களில் பலர் வேறு வழி கண்டார்கள்: கணவன் தோப்பில் முழுக்க முழுக்க உழைப்பதை விட்டுவிட்டு, தம் குலத்து நிலத்தில் சிறிதாகவேனும் ஒரு தோப்பைத் தம் பெயரில் போட்டுக்கொண்டார்கள். உயில் இல்லாமல் இறந்தவன் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டென்று கானா அரசு சட்டம் போட்டது 1985இல். குவாஷி விதை கொண்டுவந்து நூற்றாறு ஆண்டுக்குப் பிறகு.

தந்தைவழிக் குரோபோக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு வேறு தொல்லை. மகன்களுக்குப் பிரித்துப் பிரித்து, ஒல்லிப் பட்டைகள் மேலும் ஒல்லியாயின.

நிலம் விற்ற அச்செம் தலைவர்கள் நிலை பரிதாபம். ஆளில்லாக் காடு தானே என்று விற்றுத் தீர்த்தார்கள். ஒரே காட்டை இருவருக்கு விற்றவர்களும் உண்டு. எல்லைச் சண்டைகள் நீதிமன்றம் ஏறின. விற்ற காசு வக்கீலுக்குப் போய், வக்கீலுக்குக் கொடுக்க இன்னொரு காடு விற்கப்பட்டது. 1912இல் பட்டத்துக்கு வந்த நானா ஒஃபோரி அட்டா இந்த விற்பனையைக் கட்டுப்படுத்தப் பல வழிகளில் முயன்றார். அதற்குள் அவருடைய நாட்டின் கோகோவில் பெரும்பங்கு அயலூர்க்காரர்கள் கையில் இருந்தது.

இத்தனையும் உள்ளூர்க் கணக்கு. வெளியே என்ன நடந்தது?

இங்கிலாந்தின் கேட்பரி நிறுவனம் அதுவரை போர்த்துக்கீசியத் தீவான சாவோ டோமேயிலிருந்து கோகோ வாங்கி வந்தது. அங்கே அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் அடிமைகளாக இருந்தார்கள். பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன் 1906இல் இதைப் புத்தகமாகவே போட்டார். அறச்சிந்தை மிக்க குவேக்கர் குடும்பம் என்று பேர்பெற்ற கேட்பரிகள் 1909 மார்ச்சில்தான் சாவோ டோமே கோகோவைப் புறக்கணித்தார்கள். தெரிந்தும் இத்தனை நாள் வாங்கினார்கள் என்று எழுதிய ஒரு நாளிதழ்மேல் அவதூறு வழக்குப் போட்டு, அதே ஆண்டு டிசம்பரில் வென்றார்கள். நஷ்டஈடாக ஜூரி கொடுத்தது ஒரு ஃபார்திங், காலணாவுக்குச் சமமான செல்லாக்காசு. அடிமை கைபடாத கோகோ வேண்டுமென்று அவர்கள் திரும்பிய இடம் கோல்டு கோஸ்ட்.

ஆனால் ஐரோப்பியக் கம்பெனிகள் குடியானவனிடம் நேரே வாங்குவதில்லை. கம்பெனி பெருந்தரகருக்கு அறுவடைக்கு முன்பே பணம் கொடுக்கும், அவர் சிறுதரகருக்கு, அவர் தோப்புக்காரருக்கு. 1930களில் சுமார் 1,500 பெருந்தரகர்களும் 37,000 சிறுதரகர்களும் இருந்ததாக ஒரு விசாரணைக் குழு மதிப்பிட்டது. தராசில் ஏமாற்று, விலை ஏறும் என்று தெரிந்தால் சரக்கைப் பதுக்குவது என்று தரகர்கள்மேல் புகார் நிறைய. அதே தரகர்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் பெரியவரின் சாவுச் சடங்குக்கும் கடன் கொடுத்தவர். விவசாயிகளில் வளர்ந்தவர்களே தரகர்களாகவும் இருந்தார்கள்.

விலை மட்டும் இவர்கள் யார் கையிலும் இல்லை. தோப்பு வாங்கியவன், பாலம் கட்டியவன், கூலிக்கு ஆள் வைத்தவன், எல்லாவற்றையும் தானே தீர்மானித்தவன், கம்பெனித் தராசின் முன்னால் நின்றதும் சொன்னதை வாங்கிக்கொள்கிறவன் ஆகிவிட்டான். கோகோவை வைத்து அவன் வேறெதுவும் செய்ய முடியாது. வாழைக்கு விலையில்லை என்றால் சமைத்து உண்ணலாம்.

தின்ன முடியாத சரக்கை விற்காமல் வைத்திருப்பதுதான் அவன் கையிலிருந்த ஒரே ஆயுதம். 1908இல் ஒருமுறை, 1930–31இல் ஒருமுறை விற்பனையை நிறுத்திப் பார்த்தார்கள். பெரிதாகப் பலிக்கவில்லை. 1937இல் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி, கேட்பரி உள்ளிட்ட கம்பெனிகள், ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கையில் வைத்திருந்தவை, தங்களுக்குள் போட்டியில்லாமல் வாங்க ஒப்பந்தம் போட்டன. உலகச் சந்தையிலும் அந்த ஆண்டு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. இரண்டையும் குடியானவர்கள் ஒன்றாகத்தான் பார்த்தார்கள். ஒப்பந்தம் தரகர்களின் கமிஷனிலும் கைவைத்ததால் அவர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். தலைவர்கள் ஊர் ஊராகத் தண்டோரா போட்டு, கோகோ விற்றால் அபராதம் என்று அறிவித்தார்கள். ஒஃபோரி அட்டாவும் ஆதரவு தந்தார்.

1937 இறுதியிலிருந்து 1938 ஏப்ரல் வரை கோகோ கொட்டகைகளிலேயே கிடந்தது. கம்பெனிக் கடைகளில் துணி, சர்க்கரை என எதையும் வாங்குவதில்லை என்றும் முடிவு. அறுவடை முடிந்த கையில் காசில்லாமல் கிராமங்கள் அத்தனை மாதம் எப்படித் தாக்குப்பிடித்தன? இன்னும் நிழல் மூடாத தோட்டங்களில் வாழையும் கிழங்கும் இருந்தன. பெண்கள் பயிரிட்டு வந்த அந்த உணவு இல்லாமல் ஆண்களின் கோகோ வேலைநிறுத்தம் அவ்வளவு நாள் நின்றிருக்காது என்பதே இந்தக் கட்டுரையாசிரியனின் கணிப்பு.

பிரிட்டிஷ் அரசு, நோவெல் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அனுப்பியது. கம்பெனிகளின் ஒப்பந்தம் கைவிடப்பட வேண்டும், விளைவிப்போர் அனைவரும் சேர்ந்த விற்பனைச் சங்கம் வேண்டும் என்று 1938இல் குழு சொன்னது. மறு ஆண்டே போர். பிரிட்டிஷ் அரசு மொத்தக் கோகோவையும் தானே நிர்ணயித்த விலைக்கு வாங்கியது. வாங்கிக் கொடுக்கும் முகவர்களாக அதே பழைய கம்பெனிகளை, போருக்கு முந்தைய பங்கு விகிதப்படி அமர்த்தியது. போர் முடிந்து 1947இல் கோகோ சந்தைப்படுத்தும் வாரியம் வந்தது. விலை ஏறும்போது விவசாயிக்குக் குறைத்துக் கொடுத்துச் சேமித்து, இறங்கும்போது அந்தச் சேமிப்பால் தாங்கிப்பிடிப்பது ஏற்பாடு. போருக்குப் பின் விலை ஏறிக்கொண்டே போனதால் சேமிப்பு மட்டும் வளர்ந்தது, அதுவும் லண்டனில். 1948இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அந்த நிதியிலிருந்து பெருந்தொகை போயிற்று. பத்து ஆண்டுக்கு முன் பல வாங்குவோர் ஒருவராகக் கூடியதை எதிர்த்துப் போராடியவர்களுக்கு, இப்போது சட்டப்படியே வாங்குவோர் ஒருவர்தான்.

இதற்கிடையில் தோப்புக்குள் வேறொரு வம்பு முளைத்திருந்தது. கிழக்குப் பகுதியில் 1936இல் கண்ட தண்டு வீக்க நோய், குவாஷியின் அக்வாபிமையும் அதைச் சுற்றிய பழைய வட்டாரங்களையும் அரித்துக்கொண்டிருந்தது. வைரஸ் நோய், மருந்து கிடையாது, நோய் கண்ட மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டுவதுதான் வழி என்று டாஃபோ ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது சரியான ஆலோசனைதான். ஆனால் நோய் கண்ட மரம் சாகுமுன் ஓரிரு பருவமேனும் காய்க்கும். ஒத்தியில் இருக்கும் தோப்பின் மரத்தை வெட்டினால் கடன் யார் தலையில் என்று யாரும் சொல்லவில்லை. வாரக்காரனுக்கு என்ன பதில் என்றும் சொல்லவில்லை. போருக்குப் பின் அரசு ஆட்களை அனுப்பிக் கட்டாயமாக வெட்டத் தொடங்கியது. 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில் முன்னாள் படைவீரர்களின் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச்சூடு நடந்து நகரம் பற்றி எரிந்தபோது, கலவரத்தின் காரணங்களை விசாரித்த வாட்சன் குழு அடுக்கிய பட்டியலில் கோகோ மரங்களை வெட்டியதும் ஒன்றாக இருந்தது.

(தொடரும்)